வரலாறும் டேட்டாவும் சேர்ந்த ஆய்வுக்குழு: யாரைச் சேர்ப்பது, எப்படி ஒரே மேசையில் உட்கார வைப்பது

பல்கலைக்கழகத்தில் வரலாற்றையும் டேட்டாவையும் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் பழைய பதிவேடுகள் நிறைய இருக்கும், மனதில் நல்ல கேள்வி ஒன்றும் இருக்கும். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது "ஒரு டேட்டா சயின்டிஸ்ட் தேவை" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார். பணம் வரும், ஆளும் வருவார். பதிவேடுகளின் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து "இதையெல்லாம் ஒரு டேபிளாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். ஆறு மாதம் கழித்து டேபிள் வரும். அதைப் பார்த்துப் பேராசிரியருக்குக் கோபம், செய்து கொடுத்தவருக்கு மனக்கஷ்டம். இரண்டு பேருமே திறமைசாலிகள், இரண்டு பேருமே உழைத்தவர்கள். ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக்கூட இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட குழுக்களுக்குள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த சாஃப்ட்வேர், எந்த சர்வர் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நல்ல வழிகாட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இது ஆட்களைப் பற்றி.

முதலில் ஒரு பக்கம், அப்புறம் ஆட்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே, குழுவில் சேரலாம் என்று நினைக்கிற நாலு பேரை ஒரு பிற்பகல் கூப்பிடுங்கள். ஆவணத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமணியான கையெழுத்துள்ள பக்கம் வேண்டாம், கண்ணைக் குத்திக்கொண்டாலும் படிக்க முடியாத பக்கமும் வேண்டாம், நடுவாந்தரமாக ஒன்று போதும். பெரிதாக அச்செடுத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஆளுக்கொரு வெற்று ஸ்ப்ரெட்ஷீட். யாரும் யாரிடமும் பேசாமல் முதல் பத்து வரிகளை உள்ளிட வேண்டும். எத்தனை நெடுவரிசை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன தலைப்பு என்பதைக்கூட அவரவரே தீர்மானிக்கட்டும். முக்கால் மணி நேரம் கழித்து நாலு டேபிளையும் திரையில் அடுத்தடுத்துப் போடுங்கள்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அடக்கப் பதிவேடு ஒன்றை வைத்து நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இறந்தவரின் வயதையும் தொழிலையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்த தேவாலயப் பதிவேடு அது. முதல் வரியிலேயே சிக்கல். தேதி 1720 பிப்ரவரி 10 என்று இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் அப்போது புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும், ஜனவரி 1-க்கு மாறியது 1752-ல். ஆகவே நம் கணக்கில் அது 1721. ஒருவர் 1720 என்று போட்டிருந்தார், இன்னொருவர் 1721, மூன்றாமவர் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதியிருந்தார். நாலாவது ஆள் புரோகிராமர், அவருக்கு இந்த விவகாரமே தெரியாது. அவருடைய கவலை வேறு: எக்செல் 1900-க்கு முந்தைய எதையும் தேதியாகவே ஏற்றுக்கொள்வதில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. அதனால் அவர் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று நெடுவரிசையாகப் பிரித்திருந்தார். அது உண்மையிலேயே நல்ல யோசனை, வரலாற்றுக்காரர்கள் மூவருக்கும் தோன்றாதது. அந்த இடத்திலேயே முடிவானது: பதிவேட்டில் உள்ளபடி ஒரு நெடுவரிசை, நம் கணக்கில் மாற்றியது தனியாக மூன்று நெடுவரிசை.

அடுத்து வயது. சிலருக்கு எண், சிலருக்குக் 'குழந்தை' என்பதன் சுருக்கம், ஒருவருக்கு "60 அளவில்". குழந்தை என்றால் பூஜ்யமா? "அளவில்" என்ற சொல்லை எங்கே வைப்பது? வெறுமனே விட்டிருக்கும் கட்டத்துக்கு என்ன அர்த்தம்: எழுத்தருக்கு வயது தெரியவில்லையா, எழுத மறந்தாரா, அல்லது அந்தப் பக்கத்தில் வயது எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டாரா?

இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் அந்தப் பிற்பகல் வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வெற்றுக் கட்டம்தான் இந்தத் துறையில் ஆளைக் கவிழ்ப்பது. 2019-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகெங்கும் உள்ள பழைய சமூகங்களைப் பற்றிய செஷாத் என்ற பெரிய தரவுத்தளத்தை வைத்து, சமூகங்கள் பெரிதான பிறகுதான் மனிதர்களின் நன்மை தீமைக்குத் தீர்ப்புச் சொல்லும் கடவுள்கள் தோன்றினார்கள் என்று வாதிட்டது. மற்ற ஆய்வாளர்கள் தரவை எடுத்துச் சோதித்தபோது, தகவல் கிடைக்காத இடங்களையெல்லாம் "அப்படிப்பட்ட கடவுள் இல்லை" என்று கணக்கிட்டிருந்தது தெரிந்தது. "தெரியாது" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றாகிவிட்டது. 2021-ல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், பிறகு தரவைத் திருத்தி வேறு இதழில் மறுபடியும் வெளியிட்டார்கள். திருத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாற்றுக்காரரும் புள்ளியியல்காரரும் அந்த வெற்றுக் கட்டங்களின் மேல் விரல் வைத்து "இது ஏன் காலி?" என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பிற்பகலில் இன்னொன்றையும் கவனியுங்கள்: யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று. தன் டேபிளை மட்டுமே சரி என்று சாதிப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் யோசித்துச் சேருங்கள். "அட, நான் இதைப் பார்க்கவே இல்லையே" என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

யார் யார் வேண்டும்

தலைமை ஆய்வாளர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கேள்வி அவருடையது. ஆனால் கேள்வி வரலாற்றுக் கேள்வியாக இருக்க வேண்டும். "எங்களிடம் 50,000 படங்கள் இருக்கின்றன, என்ன செய்யலாம்" என்று தொடங்கும் திட்டத்தில் எல்லாரும் கருவியைச் சுற்றியே ஓடிக்கொண்டிருப்பார்கள்.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். பழைய கையெழுத்து, சுருக்கங்கள், அந்தக் காலத்து நாணயம், அளவைகள் எல்லாம் அத்துபடியாக இருப்பவர். தலைமை ஆய்வாளருக்கே இது தெரியும் என்று விட்டுவிடாதீர்கள், அவருக்கு நேரமே இருக்காது.

ஆவணக்காப்பாளர் அல்லது நூலகர் ஒருவரை ஆலோசகராக வைக்காமல் குழு உறுப்பினராகவே வையுங்கள். இந்த ஆவணம் ஏன் உண்டானது, எந்தப் பகுதி தீயில் போனது, எந்த ஆண்டுகளை யார் எப்போது கழித்துக்கட்டினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். டேட்டாக்காரர்கள் கையில் கிடைத்ததையே முழுமை என்று நினைப்பது இயல்பு. கிடைத்தது எதில் மிஞ்சியது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. வெனிஸ் நகரத்தின் அரசு ஆவணக்காப்பகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரிகள் இருக்கின்றன. அதை டிஜிட்டலாக்கி நகரத்தின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கட்டியெழுப்பும் திட்டத்தை சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்விநிறுவனம் முன்னின்று 2012-ல் தொடங்கியது. உலகமே திரும்பிப் பார்த்த திட்டம் அது. 2019-ல் தரவை எப்படிச் சேர்ப்பது, எப்படித் திறந்து வைப்பது என்பதில் ஆய்வுக்குழுவுக்கும் ஆவணக்காப்பகத்துக்கும் ஒத்துப்போகாமல் பணி நின்றது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்திருக்கலாம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: படங்கள் யாருடையவை, அவற்றிலிருந்து எடுத்த தரவு யாருடையது, யார் எப்போது வெளியிடலாம் என்று முதல் படத்தை ஸ்கேன் செய்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புரோகிராமர் விஷயத்தில், இப்போதெல்லாம் ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று தனிப் பணியே இருக்கிறது. கம்ப்யூட்டர் துறையிலிருந்து ஒரு முனைவர் பட்ட மாணவரைப் பகுதிநேரமாகக் கடன் வாங்குவதைவிட இது நல்லது. அந்த மாணவருக்குப் புதிய முறை கண்டுபிடித்தால்தான் கட்டுரை, உங்களுக்கோ பழைய முறை ஒழுங்காக ஓடினால் போதும். இருவர் தேவையும் வேறு, அதில் யார் தப்பும் இல்லை.

புள்ளியியல் தெரிந்தவரைக் கடைசியில் கூப்பிடும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். மாதிரி எடுப்பது எப்படி என்று தரவு சேர்ப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருந்தால், 40,000 பக்கம் படியெடுக்க வேண்டிய இடத்தில் 4,000 போதும் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். வரைபட வேலை இருந்தால் அதற்கும் தனி ஆள், ஏனென்றால் எல்லைகள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரே பெயரில் 1801-ல் இருந்த மாவட்டமும் 1901-ல் இருந்த மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திட்ட மேலாளர் வேண்டும். சிறு குழுவாக இருந்தால் பாதிநேர வேலையாகவாவது வேண்டும்.

நடுவில் நிற்பவர்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த ஒருவர் இல்லாமல் இப்படிப்பட்ட குழு ஓடாது. வரலாறு படித்துவிட்டுப் பைத்தான், ஆர் போன்ற நிரல் மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டவர், அல்லது கணினியிலிருந்து வந்து ஆவணக்காப்பகத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தவர். பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்தான் இந்த இடத்தில் இருப்பார்.

அவர் என்ன செய்கிறார் என்று ஒரு காட்சி சொல்கிறேன். இறந்தவர்களின் வயதை வரைபடமாகப் போட்டுக் காட்டுகிறார் டேட்டாக்காரர். 30, 40, 50, 60 ஆகிய இடங்களில் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கிறது, 41-லும் 59-லும் கிட்டத்தட்ட பள்ளம். "தரவில் கோளாறு, சமப்படுத்திவிடட்டுமா?" என்று கேட்கிறார். வரலாற்றுக்காரருக்கு அந்த வரைபடமே பெரிதாகப் படவில்லை, "அந்தக் காலத்தில் வயதை அப்படித்தான் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்க்கிறார். நடுவில் இருப்பவர் இரண்டு பேரையும் நிறுத்துகிறார். டேட்டாக்காரரிடம், "சமப்படுத்த வேண்டாம், இது பிழை இல்லை, தன் வயதைச் சரியாக எண்ணி வைத்துக்கொள்ளாத மக்களின் தடயம்" என்கிறார். வரலாற்றுக்காரரிடம், "இதை அளக்கவே ஒரு வழி இருக்கிறது, விப்பிள் குறியீடு என்று பெயர், வயதை முழு எண்ணாக உருட்டும் பழக்கமே இல்லாத இடத்தில் 100 வரும், எல்லாரும் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற வயதையே சொன்னால் 500 வரும், பதிவேடு பதிவேடாக இது எப்படி மாறுகிறது என்று பார்த்தால் எண்ணறிவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம்" என்கிறார். இரண்டு பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறார்கள்.

இவர் போடும் உழைப்பு வெளியே தெரியாது. இரண்டு துறையும் அவரைத் தன் ஆள் என்று முழுசாக ஏற்றுக்கொள்வதும் இல்லை. வரலாற்றுத் துறை "புத்தகம் எங்கே" என்று கேட்கும், கணினித் துறை "புதிய அல்காரிதம் எங்கே" என்று கேட்கும். ஆகவே அவரை வேலைக்கு எடுக்கும்போதே அவருக்கென்று ஒரு ஆய்வுக் கேள்வி, அவர் பெயர் முதலில் வரும் ஒரு கட்டுரை, அதற்காக வாரத்தில் ஒரு முழு நாள் என்று ஒதுக்கிவிடுங்கள். மூன்று வருடம் எல்லாருக்கும் மொழிபெயர்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம், தவிர்க்கக்கூடிய அநியாயம்.

படியெடுப்பவர்கள்

நான் இருந்த ஒரு திட்டத்தில், ஒரு ஊரின் தொழில்களை எண்ணிப் பட்டியல் எடுத்தோம். தச்சர், நெசவாளர், கூலி எல்லாரையும் தாண்டி முதலிடத்தில் இரண்டெழுத்துச் சொல் ஒன்று வந்து நின்றது. கருத்தரங்குக்கு அனுப்பும் நிலைக்கே போய்விட்டது. படியெடுத்துக்கொண்டிருந்த முதுகலை மாணவி ஒருவர்தான் பார்த்துவிட்டு, "இது தொழில் இல்லையே, மேலே உள்ளதே என்பதற்கு எழுத்தர் போடும் டிட்டோ சுருக்கம்" என்றார். பக்கத்தில் உள்ளதை உள்ளபடி அடிக்கச் சொல்லியிருந்தோம், அவர்களும் அடித்திருந்தார்கள். நிரலுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். அந்தப் பக்கங்களோடு தினமும் ஆறு மணி நேரம் இருந்தவருக்குத் தெரிந்தது, வாரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவரைக் கூட்டத்துக்கே கூப்பிட்டிருக்கவில்லை.

இது பழைய வியாதி. கம்ப்யூட்டரை வைத்து நூல்களை ஆராயும் துறையின் கதையை ராபர்ட்டோ பூசா என்ற ஜேசுயிட் பாதிரியாரிடமிருந்து தொடங்குவது வழக்கம். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் எழுதியவற்றுக்கெல்லாம் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், செய்ய வேண்டும் என்று 1949-ல் ஐபிஎம் தலைவரைப் போய்ப் பார்த்தார், சுமார் 30 வருட வேலை, 50-க்கு மேற்பட்ட தொகுதிகள். ஆனால் இத்தாலியின் கல்லராத்தே நகரத்தில் உட்கார்ந்து அத்தனை சொற்களையும் எந்திரம் படிப்பதற்காக அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தவர்கள் பயிற்சிக்கு வந்த இளம்பெண்கள். வெகுகாலம் அவர்கள் புகைப்படங்களில் பெயரில்லாமல்தான் இருந்தார்கள். ஜூலியான் நைஹன் போன்ற ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பேட்டி எடுத்த பிறகுதான் அவர்கள் பெயர்கள் வரலாற்றுக்குள் வந்தன.

அதனால் படியெடுப்பவர்களுக்கு முறையான சம்பளம் போடுங்கள், கூட்டத்தில் நாற்காலி போடுங்கள், கட்டுரையில் பெயர் போடுங்கள். யார் எந்தப் பக்கத்தைப் படியெடுத்தார் என்பதற்கு டேபிளில் ஒரு நெடுவரிசை வையுங்கள். இது மரியாதைக்கும் உதவும், வேலைக்கும் உதவும்: ஒருவர் ஒரு எழுத்தை எப்போதும் தவறாகப் படிக்கிறார் என்று தெரிந்தால் அவர் பக்கங்களை மட்டும் திருத்தினால் போதும். லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான அச்சிட்ட நடவடிக்கைகள், மொத்தம் 1,97,745 வழக்குகள், இணையத்தில் இருக்கின்றன. டிம் ஹிட்ச்காக், ராபர்ட் ஷூமேக்கர், கிளைவ் எம்ஸ்லி ஆகியோர் நடத்திய திட்டம். அதில் 1834 வரையிலான பகுதியை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்தார்கள், இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு வேறுபடும் இடங்களைக் காட்ட, ஒரு ஆள் மூலத்தைப் பார்த்துத் தீர்த்துவைத்தார். ஒரே இடத்தில் இருவரும் ஒரே தவறைச் செய்வது அபூர்வம் என்ற எளிய நம்பிக்கைதான் அடிப்படை. படத்திலிருந்து எழுத்தை எந்திரமே படிக்கும் ஓசிஆர் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். பழைய ஆங்கில அச்சில் எஸ் எழுத்தின் நீள வடிவம் எஃப் போலவே இருக்கும், எந்திரம் மாற்றி மாற்றிப் படித்துவைக்கும். கையெழுத்துக்கு இப்போது டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் உங்கள் எழுத்தருடைய கைக்கு அதைப் பழக்க 5,000 முதல் 15,000 சொற்கள் வரை மனிதர் சரியாகப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த மனிதரும் குழுவில் ஒருவர்தான்.

தன்னார்வலர்கள் கிடைத்தால் பெரும் பலம். கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் 1964-ல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக்குழு, 404 தேவாலயப் பங்குகளின் பதிவேடுகளை எண்ணி இங்கிலாந்தின் மூன்று நூற்றாண்டு மக்கள்தொகையை மீட்டுக் கட்டியது. மாதாமாதம் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம் என்று படிவங்களில் எண்ணிக் கொடுத்தவர்கள் அந்தந்த ஊரின் வரலாற்று ஆர்வலர்கள். 2010-ல் தொடங்கிய ஓல்ட் வெதர் திட்டத்தில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து வானிலைக் குறிப்புகளைப் பொதுமக்கள் படியெடுத்தார்கள். விஞ்ஞானிகள் கேட்டது காற்றழுத்தமும் வெப்பநிலையும்தான், ஆனால் படித்தவர்கள் கப்பல் எங்கே போனது, யார் நோய்ப்பட்டார், யார் இறந்தார் என்று பின்தொடர்ந்து எழுதினார்கள். தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் கதை வேண்டும். அவர்கள் கண்டதைச் சொல்ல ஒரு இடமும், அதற்குப் பதில் எழுத உங்கள் குழுவில் ஒரு ஆளும் இருந்தால்தான் அவர்கள் நிலைப்பார்கள்.

சண்டை வரும், வரட்டும்

எண்ணை எப்படிச் சொல்வது என்பதில்தான் பெரிய சண்டைகள் வரும். 1974-ல் ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் அமெரிக்க அடிமைமுறை பற்றி எண்களை வைத்து ஒரு நூல் எழுதினார்கள். லூசியானாவின் ஒரு தோட்ட முதலாளியின் நாட்குறிப்பில் இரண்டு ஆண்டுகளில் 160 சாட்டையடித் தண்டனைகள் பதிவாகியிருந்தன. அதை வைத்து ஆளுக்கு ஆண்டுக்கு சராசரி 0.7 என்று கணக்கிட்டார்கள். ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்றறிஞர் அதே 160-ஐ எடுத்து வேறு மாதிரி வகுத்தார்: அந்தத் தோட்டத்தில் நாலரை நாளைக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சாட்டையால் அடிக்கப்பட்டார். அடிபடுவது மற்றவர்கள் கண்ணிலும் பட்டது, அந்தப் பயத்துக்குச் சராசரி கிடையாது. இரண்டு வகுத்தலும் கணிதப்படி ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எதைக் கீழே போட்டு வகுப்பது என்பது வரலாற்றுத் தீர்ப்பு, அதைக் கணக்குப் போடுபவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. உங்கள் குழுவில் ஒவ்வொரு சராசரிக்கும் "எந்த எண்ணால் வகுத்தோம், ஏன்" என்று கேட்க ஒருவரை நியமியுங்கள். சுழற்சி முறையில் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

அடுத்த சண்டை பெயர் வரிசை. வரலாற்றில் தனி ஆளாகப் புத்தகம் எழுதினால்தான் பெயர், கணினித் துறையில் பத்துப் பேர் பெயரோடு கருத்தரங்கக் கட்டுரை சாதாரணம். சில துறைகளில் அகரவரிசை, சில துறைகளில் உழைப்பு வரிசை, சிலவற்றில் கடைசிப் பெயர்தான் பெரியவர். இதைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு பேசினால் நட்பு போய்விடும். முதல் மாதத்திலேயே பேசுங்கள். கிரெடிட் என்ற ஒரு பங்களிப்பு வகைப்பாடு இருக்கிறது, கருத்து, தரவு ஒழுங்கு, மென்பொருள், மேற்பார்வை என்று 14 பங்குகள், யார் எதைச் செய்தார் என்று அதை வைத்து எழுதிவிடலாம். படியெடுத்தலுக்கு அதில் தனி இடம் இல்லை, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலன் டூரிங் நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2018 முதல் 2023 வரை நடத்திய, தொழிற்புரட்சிக் கால எந்திரங்களும் மக்களும் பற்றிய திட்டத்தில், ஒருவரோடொருவர் எப்படி வேலை செய்வோம் என்று ஆரம்பத்திலேயே ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். ஒரு பக்கம் போதும். யார் பெயர் எங்கே வரும், தரவை யார் எப்போது வெளியே எடுத்துப் போகலாம், கருத்து வேறுபட்டால் யார் முடிவு செய்வார், இளையவர் மூத்தவரைத் திருத்த எப்படி வழி, இவ்வளவுதான்.

முடிவுப் பதிவேடு

குழுவின் நினைவாற்றல் இதில்தான் இருக்கிறது. எந்த ஆடம்பரமும் வேண்டாம், எல்லாரும் திறக்கக்கூடிய ஒரு கோப்பு போதும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"மார்ச் 14. கேள்வி: வயது 'குழந்தை' என்றிருந்தால் என்ன செய்வது? முடிவு: மூல வயது நெடுவரிசையில் அந்தச் சொல்லையே வைப்போம், எண் வயது நெடுவரிசையைக் காலியாக விடுவோம், வயதுக் குழு நெடுவரிசையில் 'ஓராண்டுக்குள் இருக்கலாம்' என்று போடுவோம். ஏன்: இதே எழுத்தர் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார், 212-ஆம் பக்கம் பார்க்க. கூட்டத்தில் இருந்தவர்கள்: நாலு பேர். ஒருவருக்கு உடன்பாடில்லை, அவர் பூஜ்யம் போடலாம் என்கிறார்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உடன்படாதவர் சொன்னது இரண்டு வருடம் கழித்துச் சரி என்று தெரியவரலாம், அப்போது எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மூலத்தில் உள்ளதும் நாம் ஊகித்ததும் ஒரே நெடுவரிசையில் இருக்கக் கூடாது என்ற விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் சுமார் 36,000 கப்பல் பயணங்களைத் தொகுத்திருக்கும் ஸ்லேவ் வாயேஜஸ் தரவுத்தளத்தில், டேவிட் எல்டிஸும் சக ஆய்வாளர்களும் ஆவணத்தில் கிடைத்த எண்ணையும் தாங்கள் மதிப்பிட்ட எண்ணையும் தனித்தனி நெடுவரிசைகளில் வைத்திருக்கிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்ற அவர்களுடைய கணக்கோடு வாதாட விரும்பும் யாரும் ஆவணம் எங்கே முடிகிறது, மதிப்பீடு எங்கே தொடங்குகிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு மனித உயிர் என்பதால் இந்த நேர்மை இன்னும் அவசியமாகிறது.

போகிறவர், வருகிறவர்

நிதி மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம்தான். புரோகிராமர்தான் பெரும்பாலும் முதலில் போவார், வெளியே சம்பளம் அதிகம். கடைசி ஆறு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், அந்தக் காலம் ஒப்படைப்பதற்கு. தரவைச் சாதாரணக் கோப்பு வடிவில், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் விளக்கத்தோடு, பல்கலைக்கழகத்தின் தரவுக் களஞ்சியத்தில் வையுங்கள். இணையதளத்தை அதன் மேல் கட்டினாலும் தரவு இணையதளத்துக்குள் மட்டும் சிறைப்பட்டிருக்கக் கூடாது. ஸ்லேவ் வாயேஜஸ் 1999-ல் குறுந்தகடாக வந்து, 2008-ல் இணையதளமாகி, பிற்பாடு பல நிறுவனங்கள் சேர்ந்து சுமக்கும் கூட்டமைப்பானது. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றாலும், ஒரு பல்கலைக்கழகம் கைவிட்டாலும் அது விழுந்துவிடாது. உங்கள் திட்டம் அவ்வளவு பெரிதாக இருக்காது, ஆனால் இரண்டாவதாக ஒரு நிறுவனத்தின் பெயரை விண்ணப்பத்திலேயே எழுதிவைக்க முடியும்.

ஒருவர் விலகும்போது விளக்கக் கோப்பு எழுதி வாங்கினால் மட்டும் போதாது. புதிதாக வருபவரையும் அவரையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வையுங்கள். அதே பழைய பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள், ஆளுக்கொரு வெற்று ஸ்ப்ரெட்ஷீட், முதல் பத்து வரிகள். புதியவர் எங்கெல்லாம் வேறு மாதிரி உள்ளிடுகிறாரோ அங்கெல்லாம் முடிவுப் பதிவேட்டைத் திறந்து காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவேட்டில் காரணம் இல்லாத இடம் ஏதாவது தென்பட்டால், அவர் போவதற்கு முன் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.